தோல்வியில் விளைந்த வெற்றி

தேர்தல் நாளன்றுதான் மக்கள் மனம் மாறுகிறது என்று எண்ணுவோர், அறுவடை நாளன்றுதான் நெல் விளைகிறது என்று எண்ணுவோரே ஆவர். உழுத கையையும் விதைத்த கையையும் அவர்கள் காண்பதில்லை. அந்தக் கைகளை நாம் மறக்கலாமா?

1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. 1952 பொதுத்தேர்தலில் அது தன் சார்பில் வேட்பாளர் எவரையும் நிறுத்தவில்லை. அதனால் வாளாவிருந்ததா? இல்லை! தெருமுனையில் பேசிற்று, நாடக மேடையில் பேசிற்று, திரையில் பேசிற்று. முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் கழக ஏட்டினை ஒருவர் படிக்க, எழுத்தறியாதார் பலர் கேட்டனர். சிற்றூர்தோறும் படிப்பகங்கள் முளைத்தன.

1956இல் திருச்சி மாநாட்டில் கூடியிருந்தோரிடமே வாக்கெடுத்து, தேர்தலில் நிற்பதென முடிவாயிற்று. 1957இல் சட்டமன்றத்தின் 205 இடங்களில் கிட்டியவை 15; காங்கிரசுக்கு 151. "இவ்வளவுதானா?" என எள்ளி நகையாடினர். ஈராண்டில், 1959இல், சென்னை மாநகராட்சியின் மேயர் பதவி கழகத்திடம் வந்தது.

1962 நம்மைச் சிந்திக்க வைக்கும் ஆண்டு. காஞ்சியில் அண்ணா தோற்றார். முன்னர் வென்றோரில் பெரும்பாலோர் தோற்றனர். ஆயினும் 15 என்பது 50 ஆயிற்று. காங்கிரசு 139க்கு இறங்கிற்று. தலைவரை ஒரு தொகுதியில் வீழ்த்தலாம். ஊர்தோறும் வேரூன்றிய கருத்தை எந்தத் தொகுதியில் வீழ்த்துவது?

1967இல் ஆட்சி மாறியது. விருதுநகரில் காமராசரே தோற்றார். 1965 மொழிப்போர், அரிசித் தட்டுப்பாடு, கூட்டணி ஆகியவையும் காரணங்களே, மறுப்பதற்கில்லை. ஆனால், அவ்வாண்டில் வேறு பல மாநிலங்களிலும் காங்கிரசு பெரும்பான்மை இழந்தது. அவற்றுள் பலவற்றில் பல கட்சிகள் ஒட்டுப்போட்டு அமைத்த ஆட்சிகள் விரைவில் கலைந்தன. இங்கோ ஒரே கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. மழை எல்லா நிலத்திலும் பெய்தது. விதைத்த நிலத்தில்தான் பயிர் நின்றது.

இளைஞர்களே! இவ்வரலாறு பழம்பெருமை பேசுவதற்கன்று. எவருக்கும் எந்த மண்ணும் நிலையான உடைமையன்று. அன்று ஆண்டவருக்கும் அது உடைமையாக இருக்கவில்லை. படிப்பகம் பூட்டிக் கிடக்கும் ஊரில், பகுத்தறிவு பேசாத தெருவில், வேறொருவர் வந்து விதைப்பார். வாக்குப்பெட்டி விளைச்சலை அளக்கும் மரக்கால் மட்டுமே. வயல், மக்கள் மனம். அதனை நாள்தோறும் உழுவோமாக!