இழைத்தல்

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பாட்டிமார் கம்மலைப் பற்றிப் பேசும்போது 'கல் பதித்தது' என்பதைவிட 'கல் இழைச்சது' என்பதே இயல்பாக வரும். பழைய சொல் அது. சங்க இலக்கியத்தில் 'இழை' என்றால் பெரும்பாலும் நகைதான். ஆயிழை, சேயிழை என்று பெண்ணைக் குறித்ததும் அணிந்த நகையை வைத்தே.

தச்சர் இழைப்புளியால் பலகையை இழைக்கிறார். சந்தனத்தைக் கல்லில் இழைக்கிறோம். மூன்றிலும் உரசி உரசிப் பொருத்தும் கையின் வேலை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கல்லை அதன் குழியில் இருத்தி, சுற்றியுள்ள பொன் விளிம்பைச் சிறுகச் சிறுக அழுத்தித் தேய்த்து அதன்மேல் மடக்குகிறார் ஆசாரி. பசையில்லை, பொன்னே பிடித்துக்கொள்கிறது. பின்பக்கம் மூடிய வேலையில் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைப்பதுண்டு, ஒளி திரும்பிவர. ஏழுகல் தோட்டில் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒரு கல் சற்றே சாய்ந்தாலும் பூ வடிவம் கெட்டுவிடும்.

கல் பதித்தல் என்ற இதே பொருளில் 'குயிற்றுதல்' என்றொரு சொல்லும் உண்டு. அதன் உறவான 'குயிலுதல்' துளையிடுதலையும் குறிக்கும். மணி துளைப்பவரைக் குயினர் என்கிறது மதுரைக்காஞ்சி. துளையிடுதல் முத்துக்கும் உரியது; தாமிரபரணி அன்று கடல் சேர்ந்த இடத்தில் பாண்டியரின் கொற்கை முத்துத்துறையாக இருந்தது. முத்தைத் துளைத்துக் கோப்பார்கள், மாணிக்கத்தை இழைப்பார்கள்.

குயிற்றுதல் பேச்சிலிருந்து போய்விட்டது. இழைத்தலையாவது கடைப் பேச்சின் 'ஸ்டோன் செட்டிங்'குக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.