கண்ணாடிக்கு வெளியே ஒரு சிறுவன்



"செஸ்ஸா? அது பெரிய வூட்டுப் பிள்ளைங்க விளையாட்டு. நம்ம பிள்ளைக்கு எதுக்குப்பா?" என்று நம் புந்தோங்கிலும் கேட்பவர் உண்டு. அவர்களுக்காகவே ஓர் ஆட்டத்தின் வரலாற்றைச் சொல்கிறேன்.

2013 நவம்பர் 9. சென்னை மாநகர். உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான போட்டியில் முதல் ஆட்டம். கறுப்புக் காய்களோடு, மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். ஆறு வயதில் தாயாரிடம் ஆட்டம் கற்றவர். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். எதிரே வெள்ளைக் காய்களோடு, நார்வே நாட்டின் 22 வயது மாக்னஸ் கார்ல்சன்.

கார்ல்சன் நடுச் சிப்பாயை உடனே தள்ளவில்லை. குதிரையை எடுத்தார், ஓரமாக ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னே பிஷப்பை நிறுத்தினார். ஆனந்தும் அப்படியே செய்தார். இருவரும் கோட்டை கட்டினார்கள். ஆறு நகர்வு முடிந்ததும், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் இரு பக்கமும் ஒன்றாக நின்றன! ஆளுக்கொரு சிப்பாய்தான் வித்தியாசம்.

"அட, பார்த்து எழுதுற மாதிரியில்ல இருக்கு!" என்பீர்கள். அப்படியன்று. கடைசிவரை ஒரே மாதிரி ஆடினால், முதலில் ஆடுபவருக்கே ஒரு நகர்வு இலாபம். எங்கே பிரிந்து தன் வழியில் போவது என்பதில்தான் சாமர்த்தியம். ஒன்பதாம் நகர்வில் ஆனந்த் சிப்பாயை வெட்டினார். பிறகு அவர் குதிரை வெள்ளை ராணியை விரட்டியது. ராணி ஒதுங்க, குதிரை மறுபடி தாக்க, 16 நகர்வில் ஆட்டம் சமன்.

தொடக்கம் நன்று, முடிவு அப்படி அமையவில்லை. பத்தாவது ஆட்டத்தோடு 6½–3½ என்று கார்ல்சன் வென்றார். தாம் வளர்ந்த ஊரிலேயே ஆனந்த் பட்டத்தை இழந்தார்.

ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. அந்தப் போட்டியைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்தான். 'ஒருநாள் நாமும் உள்ளே உட்கார வேண்டும்' என்று அப்போது ஆசைப்பட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அவர்தான் குகேஷ். 2024 டிசம்பர் 12-இல், நமக்குப் பக்கத்துச் சிங்கப்பூரில், சீனாவின் டிங் லிரெனை 7½–6½ என வென்று, 18 வயதில் உலக வீரரானார்.

பெற்றோர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளையைக் கைதட்டிப் பாராட்டுவோம். கீழே உட்கார்ந்து பார்க்கிற பிள்ளையை "நீ எதுக்குமே லாயக்கில்லே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சென்னையில் பறிபோன பட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, வெளியே உட்கார்ந்து பார்த்த பிள்ளைதான்!