மூச்சுக்குழலும் வாயில்லா உயிர்களும்



கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்திலே, என் ஊராகிய குளத்தூர்ப் பக்கத்திலே, ஆட்டுக்கு நாங்கள் பட்டுள்ள கடன் பெரிது. அறுவடைக்குப்பின் புஞ்சையில் கிடை போட்டால், அந்த எருவே மறு வெள்ளாமைக்கு உரம். பாலும் இறைச்சியும் தருவது வேறு. ஆனால் குடியானவர் பலரும் அறியாத மற்றொரு கடனும் உண்டு. மூச்சடைத்துத் தவிக்கும் குழந்தையின் கழுத்திலே வழி திறந்து உயிரை மீட்கும் கலைக்குச் சோதனைப் பொருளாக நின்ற உயிர்களுள் ஆடும் ஒன்று. அவ்வரலாற்றையே இன்று சொல்ல முற்படுகின்றேன்.

12ஆம் நூற்றாண்டில், ஸ்பெயின் நாட்டில் அரபு மருத்துவம் ஓங்கியிருந்த காலத்தில், இப்னு ஸுஹ்ர் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். மூச்சுக்குழலை அறுத்தால் அதன் குருத்தெலும்பு மீண்டும் கூடுமா என்ற ஐயம் பழைய மருத்துவர்களை அச்சுறுத்திய காலம் அது. அவர் ஓர் ஆட்டின் மூச்சுக்குழலில், பயறு போன்றதொரு விதையின் அளவுக்குச் சற்றுக் குறைவாகத் துளையிட்டார். தேன் கலந்த நீரால் புண்ணை நாள்தோறும் கழுவிவந்தார். புண் ஆறியது, ஆடு நெடுநாள் வாழ்ந்தது. நூல்களைப் புரட்டித் தீராத ஐயத்தை ஓர் ஆடு தீர்த்துவைத்தது.

குழந்தைக்கு இந்த ஆபத்து ஏன் மிகுதி? கணக்கைப் பாருங்கள். குழந்தையின் மூச்சு வழி, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, 4 மில்லிமீட்டர் அகலம் என்று கொள்வோம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் எஞ்சும் அகலம் 2 மில்லிமீட்டர். காற்று செல்லும் பரப்போ நான்கில் ஒரு பங்காகிவிடும். பெரியவருக்குத் தொண்டைக் கம்மலாகப் போவது, சிசுவுக்கு எமனாக வந்து நிற்கும்.

தொண்டை அடைப்பான் நோய் அவ்வாறு கொன்ற குழந்தைகள் எண்ணற்றவர். 1825இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பிரெத்தொன்னோ, அந்நோயால் மூச்சுத் திணறிய ஒரு சிறுமியின் மூச்சுக்குழலைத் திறந்து உயிர் காத்தார். எனினும் அந்நாளில் அச்சிகிச்சையால் பிழைத்தோர் சிலர்; மாண்டோர் பலர். பின்னர் 1890இல் பெஹ்ரிங்கும் கிடசாட்டோவும் நோயின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் இரத்தத்தில் உண்டாவதை விலங்குகளில் கண்டறிந்தனர். குதிரையின் இரத்தத்திலிருந்து மாற்று மருந்து பிறந்தது. தடுப்பூசியும் வந்தபின் அந்நோய் பெரிதும் அருகியது.

ஆயினும் ஒரு துன்பம் நீங்க மற்றொன்று வந்தது. குறைமாதச் சிசுக்களைக் காக்க, மூச்சு வழியில் மெல்லிய குழலைப் பல நாள் இருத்தும் முறை 1965 முதற்கொண்டு பரவியது. உயிர் பிழைத்தது; ஆனால் சிலருக்குக் குழல் உரசிய இடத்தில் தழும்பு வளர்ந்து வழியைச் சுருக்கிவிட்டது. டொராண்டோ நகர மருத்துவர்களான பியரன், காட்டன் என்னும் இருவர், குருத்தெலும்புத் துண்டை ஒட்டவைத்து அவ்வழியை அகலப்படுத்தும் முறையைக் குரங்குகளில் சோதித்து 1972இல் வெளியிட்டனர். பின்னர் விலா எலும்பின் குருத்தைக் கொண்டு குழந்தைகளுக்கு இச்சிகிச்சை செய்வது வழக்கமாயிற்று. கழுத்துத் துளையோடு வாழ வேண்டியிருந்த பிள்ளைகள் பலர் வாயால் மூச்சுவிட்டுப் பேசலாயினர்.

சோதனையைப் போதிய அளவு செய்யாவிடில் நேர்வது யாது? 2011இல் சுவீடனில், நெகிழிப் பொருளால் ஆன மூச்சுக்குழல்கள் நோயாளிகளுக்குப் பொருத்தப்படலாயின. விலங்குகளில் தக்கவாறு ஆராயாமலே மனிதருக்கு வைத்தது பின்னர் வெளிப்பட்டது. அங்கு அதைப் பெற்ற மூவரும் மாண்டனர். 2013இல் அமெரிக்காவில் அவ்வகைக் குழலைப் பெற்ற ஒரு குழந்தையும் சில மாதங்களில் மறைந்தது. 2023இல் சுவீடன் நாட்டு நீதிமன்றம் அந்த மருத்துவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

அப்படியானால், வாயில்லா உயிரை விருப்பம்போல் அறுக்கலாமோ? ஆகாது என்று முழங்கியவர் ஒரு தமிழ்ப் பெருமாட்டி. 1904இல் மதுரையில் பிறந்து, நாட்டியத்தால் புகழ் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவை உறுப்பினரானார். விலங்குவதைத் தடுப்புக்குத் தாமே ஒரு மசோதா கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறவே, அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. அதைக் கண்காணிக்கும் குழுவுக்குக் கடமைகளை வகுத்தது. அறுவைச் சோதனையை, இயன்றவரை, வலி தெரியாதபடி மயக்க மருந்து கொடுத்தே செய்யவேண்டும். பயிற்றுவிக்கும் இடங்களில் நூலும் உருவமும் படமும் போதுமாயின், உயிரைத் தொடலாகாது. சிறு பிராணி போதுமாயின் பெரியதைத் தவிர்க்கவேண்டும். கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை செய்வது, இயன்றவரை, கூடாது.

இந்நாளில் மாணவ மருத்துவர்கள், இறைச்சிக் கடையில் கிடைக்கும் ஆட்டின் குரல்வளையிலே அறுவை பழகுகின்றனர். அதன் பொருட்டு ஓர் ஆட்டைத் தனியே கொல்ல வேண்டுவதில்லை. புதிய முறையொன்றை மதிப்பிட உயிருள்ள விலங்கு இன்றியமையாத இடம் இன்னும் உண்டு. அவ்விடத்திலும் அந்த உயிரின் நோவைக் குறைப்பதே, நம் மக்கள் விடும் மூச்சுக்கு நாம் திருப்பும் கடன் என்று நான் கருதுகின்றேன்.