பிரபுவின் பெயர், தொழிலாளியின் கால்

வெலிங்டன் பூட்ஸ் எண்டால் எங்களுக்கு இறப்பர்தான் நினைவுக்கு வரும். வெலிங்டன் பிரபு போட்டதோ தோல் பூட்ஸ். 1844இல் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தக் காப்புரிமை பெற்றார். 1853இல் ஹட்சின்சன் பிரான்சில் இறப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கினார். உடுப்பு தொழிலாளிக்கு வந்த பிறகும் பெயர் மட்டும் பிரபுவோடயே நிண்டுவிட்டது.

இறப்பர் தண்ணியைத்தான் தடுக்கும், குளிரை அல்ல. வியர்வையையும் வெளியே விடாது. முதலாம் உலகப் போரில் ஈரக் குழிகளில் நிண்ட படையினரின் கால்கள் அழுகின. காலுறையை மாற்று, திமிங்கில எண்ணெய் பூசு எண்டு கட்டளை போட்டார்கள். சூட்டைக் காப்பது கம்பளிக்குள் அடைபடும் காற்று. அதனால்தான் குளிர்கடல் மீனவர்கள் இறப்பர் பூட்ஸுக்குள் தடித்த கம்பளிக் காலுறை போட்டார்கள். பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் அந்தக் காற்றும் போய்விடும், இரத்த ஓட்டமும் குறையும். இண்டைக்கு வாங்குகிறவர்களும் காலுறையோடதான் போட்டுப் பார்க்கவேணும்.

இது சின்ன விசயம் இல்லை. 1968 தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்து மூன்று இழுவைப் படகுகள் மூழ்கி 58 பேர் இறந்தார்கள். ஐஸ்லாந்துக் கரையோரம் மூழ்கிய 'ரொஸ் கிளீவ்லண்ட்' படகில் தப்பியவர் ஹரி எடம் ஒருவர்தான். தளத்தில் வேலை செய்துகொண்டிருந்ததால் குளிருக்கான முழு உடையோடு இருந்தார். அவரோடு மிதவையில் ஏறிய மற்ற இருவருக்கும் போதிய உடுப்பு இல்லை. இருவரும் குளிரில் இறந்துபோனார்கள்.

அந்தக் காலத்து ஹல் மீனவர்கள் பூட்ஸ், மழையுடுப்பு எல்லாத்தையும் தங்கட காசிலதான் வாங்கினார்கள்.