நிலக்கிளியும் நீங்கிய ஊரும்

வன்னி வரலாற்றை எழுதப் புகுவோர் பண்டாரவன்னியனோடு அமைந்துவிடுதல் பெருவழக்கு. ஆயின், கல்வெட்டும் அரச பத்திரமும் குறியாத குடிமக்கள் வாழ்வைப் புனைகதையே சிலவேளை காத்துத் தருகின்றது.

1949இன் பின் தைவானில் ஒதுங்கிய சீனர்தம் இழப்பைப் பாய் சியன்யுங் ‘தாய்பே மக்கள்’ என்னும் கதைத் தொகுதியில் (1971) வரைந்தார். அஃது இழந்தபின் நினைந்தெழுதியது. முல்லைத்தீவு மண்ணின் அ. பாலமனோகரனோ இழக்குமுன்பே எழுதினார். தண்ணிமுறிப்பின் காடும் குளமும் மக்கள் பேச்சும் அவர்தம் ‘நிலக்கிளி’ நாவலில் (1973) நிலைபெற்றன. 1984இல் தண்ணிமுறிப்பு மக்கள் ஊர்விட்டு நீங்க நேர்ந்தது. ஆசிரியரும் அவ்வாண்டே டென்மார்க் சென்றார். அன்றன்றைய வாழ்வைச் சொன்ன கதை அதனால் வரலாற்றுச் சான்றாயிற்று.

ஆதலின், ஊர் வாழும் நாளிலேயே அதனை எழுதிவைத்தல் நம் மாணாக்கர் கடனாகும்.