ஹற்றன் மழையும் டயரும்

பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கியூவுக்குக் கொண்டுசென்ற இறப்பர் விதைகளின் கன்றுகள் 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தை அடைந்தன. 1888இல் டன்லொப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கழற்றும் வித்தை எனக்குக் கைவந்ததோ 2022 ஓகஸ்டில், ஹற்றனில்.

மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெட்ரோல் என்றிருந்த காலம் அது. பஸ்ஸும் அரிது. அயல் லயத்து முதியவரை டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல அந்த மோட்டார் சைக்கிள் ஒன்றே இருந்தது.

முதல் நாள், துருப்பிடித்த ரிம்மை விட்டு டயர் அசையவில்லை. மறுநாள் மழைக்குளிரில் இறப்பர் கட்டையாய் விறைத்திருந்தது. அடுப்பங்கரைச் சூட்டில் வைத்துச் சவர்க்கார நீர் தடவினேன். எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துள் முழங்காலால் அழுத்தியபோதுதான் (சூட்சுமம் அங்கேதான்) இப்பக்கம் நெகிழ்ந்தது. புதிய டியூப்பை மாட்டிக் கைப்பம்பால் காற்றடித்து முடிகையில் இருட்டிவிட்டது. விடியற்காலை முதியவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.