சொந்தத் துயரும் சிறுகதையும்

வீட்டில் நேர்ந்த சாவையும் நோயையும் எழுத்தாளன் அப்படியே எழுதினால் அது புலம்பலாக நின்றுவிடும். அதனைப் பிறர் வாழ்வில் ஏற்றிக் காட்டும்போதே சிறுகதை பிறக்கிறது. இதற்குப் புதுமைப்பித்தனைச் சான்றாகக் கூறலாம்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர், 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். எட்டு வயதிலேயே அன்னையை இழந்தவர். 1943இல் அவர் எழுதி வெளிவந்த கதை 'செல்லம்மாள்'. பிழைப்பை நாடிச் சென்னைக்கு வந்த ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, உற்றார் எவருமின்றி, நோயுற்ற மனைவிக்குத் தாமே பணிவிடை புரிகிறார். அறிவு மயங்கிய வேளையில் அவள் தேடுவது தன் தாயை! ஆசிரியரின் இளமை ஏக்கம் அங்கே ஒலிக்கிறது என்று எண்ண இடமுண்டு. மனைவி இறந்ததும் பிள்ளையின் உள்ளத்தில் துயரத்தோடு ஒருவித நிம்மதியும் எழுகிறது. நெடுநாள் நோயாளியைப் பேணியவர் வெளியில் சொல்லக் கூசும் உண்மை இது.

1948இல், தம் 42ஆம் வயதில், புதுமைப்பித்தன் சயரோகத்தால் திருவனந்தபுரத்தில் காலமானார். அவருடைய கதையோ நிற்கிறது. சொந்த ஊரைத் துறந்து டில்லியில் குடியேறிய நமக்கு, உறவினர் சூழாத அந்த நோய்ப்படுக்கை அயலானதன்று. ஆறுதல் மொழி ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் படித்துப் பாருங்கள்.